பாறையின் வயது என்றால் எதன் வயது?

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்றொரு குன்றுத்தொடர் இருக்கிறது. அங்கே ஒரு கூழாங்கல் பாறையிலிருந்து பிரித்தெடுத்த சிர்கான் படிகத்துக்கு 440 கோடி வயது என்று 2001-இல் அறிவித்தார்கள். பூமியில் உருவாகி நம் கைக்குக் கிடைத்த பொருள்களில் வயது அறியப்பட்ட மிகப் பழையது அதுதான். சரி, அந்தக் கூழாங்கல் பாறைக்கு என்ன வயது என்று கேட்டால் சுமார் 300 கோடி என்பார்கள். இரண்டு பதிலும் சரி. 440 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு பாறைக்குழம்பு ஆறியபோது அந்தப் படிகம் உருவானது. அதைச் சுமந்த தாய்ப்பாறை அரிபட்டு அழிந்துபோனது. வெறுங்கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத அந்த மணி மட்டும் தப்பிப் பிழைத்து, நீரில் உருண்டு, வேறு மணலோடும் கல்லோடும் சேர்ந்து படிந்து இறுகியது. அதற்குள் சுமார் 140 கோடி ஆண்டுகள் போயிருந்தன.

ஆகவே 'இந்தப் பாறைக்கு இத்தனை வயது' என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: எது நடந்து இத்தனை ஆண்டு? படிகம் உறைந்தா, பாறை ஆறியா, மணல் படிந்தா, மலை உயர்ந்தா, பனியாறு விலகியா? காலத்தை அளக்க இன்று ஏராளமான முறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். அந்த நிகழ்ச்சி எது என்று சரியாகப் பிடிப்பதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. இந்தத் துறையில் நடந்த சண்டைகளைப் புரட்டிப் பார்த்தால், கருவி தப்பாகக் காட்டியதால் வந்தவற்றைவிட, கருவி காட்டிய எண் எதற்குரியது என்று தெரியாமல் வந்தவையே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணுக்கு முன் வரிசை

டென்மார்க்கில் பிறந்து இத்தாலியின் டஸ்கனியில் வாழ்ந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ 1669-இல் ஒரு விதியை எழுதிவைத்தார். குலையாமல் கிடக்கும் படிவு அடுக்குகளில் கீழே உள்ளது மூத்தது, மேலே உள்ளது இளையது. அடுக்குகள் படியும்போது கிடையாகத்தான் படியும். இன்று சாய்ந்திருந்தால் அது பிறகு நேர்ந்தது. இதோடு இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது: ஓர் அடுக்கை ஊடறுத்துச் செல்லும் பிளவோ எரிமலைப் பாறையோ அந்த அடுக்கைவிட இளையதாகத்தான் இருக்க முடியும். கேட்டால் 'இதில் என்ன இருக்கிறது' என்று தோன்றும். ஆனால் இன்று கோடி கோடியாகச் செலவழித்து எடுக்கும் எந்த எண்ணும் இந்த வரிசையோடு முரண்பட்டால், முதலில் சந்தேகப்படுவது எண்ணைத்தான்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் சிக்கார் பாயிண்ட் என்ற பாறைமுனைக்கு 1788-இல் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் படகில் போனார். கீழே சாம்பல் நிற அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலைகள் சீவப்பட்டு, அதன் மேல் சிவப்பு மணற்கல் லேசான சரிவோடு படுத்திருக்கிறது. இந்தக் காட்சி உருவாக என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும்? கடலடியில் சேறும் மணலும் படிய வேண்டும், அவை கல்லாக இறுக வேண்டும், மடிந்து நிமிர வேண்டும், நீருக்கு மேலே வர வேண்டும், மழையும் காற்றும் அவற்றைத் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும், பிறகு அந்தத் தளத்தின் மேல் புதிதாக மணல் படிந்து அதுவும் கல்லாக வேண்டும். கூடப் போயிருந்த ஜான் பிளேஃபேர், காலத்தின் அதலபாதாளத்தை எட்டிப் பார்த்துத் தலை சுற்றியதாகப் பின்னாளில் எழுதினார். கீழடுக்கு சுமார் 43.5 கோடி ஆண்டுகளுக்கும் மேலடுக்கு சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை என்பது இன்றைய கணக்கு. ஹட்டனிடம் எண் எதுவும் இல்லை. இடைவெளி மிகப் பெரியது என்பது மட்டும் தெரிந்தது.

பிறகு கால்வாய் வெட்டும் பணிகளில் நில அளவையாளராக இருந்த வில்லியம் ஸ்மித், ஒவ்வொரு அடுக்குக்கும் தனக்கே உரிய தொல்லுயிர் எச்சங்கள் உண்டு, அவை எங்கே தோண்டினாலும் ஒரே வரிசையில் வருகின்றன என்று கண்டு, 1815-இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கேம்பிரியன், டெவோனியன், ஜுராசிக் என்று முழு வரிசையும் தயார். தேதி போடாத நாள்காட்டி அது.

தேதி போடும் முயற்சிகளும் நடந்தன. கடல் உப்பை ஆறுகள் கொண்டுவரும் வேகத்தால் வகுத்து, கடலுக்கு 8 முதல் 9 கோடி வயது என்றார் ஜான் ஜோலி, 1899-இல். அதற்கு முன்பே, 1862-இல், உருகிய உருண்டையாகப் பிறந்த பூமி ஆறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்ட கெல்வின் பிரபு 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையில் ஒரு விடையைச் சொல்லி, பிற்காலத்தில் அதை 2 முதல் 4 கோடி வரை சுருக்கிவிட்டார். கதிரியக்கம் தரும் வெப்பம் தெரியாததால் அவர் தவறினார் என்று பாடப்புத்தகங்களில் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. பூமியின் உட்பகுதி அசையாத திடப்பொருள் என்று அவர் எடுத்துக்கொண்டதுதான் பெரிய கோளாறு. உள்ளே பொருள் மெல்லச் சுழன்று வெப்பத்தை மேலே கொண்டுவருமானால் பூமி இன்னும் பல மடங்கு பழையதாக இருக்கலாம் என்று அவருடைய முன்னாள் உதவியாளர் ஜான் பெர்ரி 1895-இலேயே சுட்டிக்காட்டினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிதையும் அணுக்கள்

1896-இல் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டார். ஒரு தனிமம் சிதைந்து வேறொன்றாகிறது என்று 1902-இல் ரூதர்ஃபோர்டும் சாடியும் விளக்கினார்கள். யுரேனியச் சிதைவின் முடிவுப் பொருள் காரீயம் என்று முடிவுகட்டிய பெர்ட்ரம் போல்ட்வுட், 1907-இல் சில கனிமங்களுக்கு 41 கோடி முதல் 220 கோடி வரை வயது சொன்னார். 1911-இல், 21 வயதேயான ஆர்தர் ஹோம்ஸ், நார்வேயின் டெவோனியன் காலப் பாறை ஒன்றுக்கு 37 கோடி என்று கண்டார். ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தில் வெவ்வேறு எடை கொண்ட அணுக்கள் உண்டு என்ற கருத்தே அப்போது பிறக்கவில்லை. எல்லாக் காரீயத்தையும் ஒன்றாகச் சேர்த்து எடைபோட்ட கணக்கு அது. அப்படியிருந்தும் அந்த 37 கோடி இன்றைய டெவோனியன் எல்லைக்குள்ளேயே விழுகிறது.

அடிப்படை எளிது. ஒரு குறிப்பிட்ட யுரேனியம் அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்திருந்தால், அவற்றில் பாதி எவ்வளவு காலத்தில் சிதையும் என்று துல்லியமாகச் சொல்லலாம். யுரேனியம்-238-க்கு அந்த அரை ஆயுட்காலம் சுமார் 447 கோடி ஆண்டுகள். யுரேனியம்-235-க்கு சுமார் 70 கோடி. பொட்டாசியம்-40-க்கு சுமார் 125 கோடி. சிதைவு அணுக்கருவுக்குள் நடப்பதால், பாறை சந்திக்கும் வெப்பமும் அழுத்தமும் வேதிவினைகளும் இந்த வேகத்தை அசைப்பதில்லை.

அந்த வேகம் பழங்காலத்திலும் இதேதானா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு வானமே ஒரு பதில் வைத்திருக்கிறது. 1987-இல் தெரிந்த சூப்பர்நோவா ஒன்று சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்தது. அதன் ஒளி மங்கிய வேகம், கோபால்ட்-56-இன் 77 நாள் அரை ஆயுட்காலத்தோடு ஒத்துப்போனது. அதாவது 1,68,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்த சிதைவும் இன்று ஆய்வகத்தில் நடப்பதும் ஒரே வேகத்தில்தான்.

இனி சிர்கானுக்கு வருவோம். இது சிர்கோனியம் சிலிகேட் படிகம். கிரானைட்டிலும் எரிமலைச் சாம்பலிலும் மிகச் சிறிய அளவில் கிடைக்கும். பாறைக்குழம்பில் வளரும்போது சிர்கோனியத்தின் இடத்தில் யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும். காரீயத்தை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிடும். எனவே இன்று அதற்குள் காணும் கதிரியக்கவழிக் காரீயம் எல்லாம் உள்ளேயே விளைந்தது. தவிர, 900 டிகிரி செல்சியஸை நெருங்கினாலும் காரீயத்தை எளிதில் வெளியே விடாது. காலம் கணிப்பவர்களுக்கென்றே இயற்கை செய்துவைத்த கனிமம் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே படிகத்துக்குள் இரண்டு யுரேனியங்கள் இரண்டு வேகத்தில் சிதைகின்றன. 100 கோடி ஆண்டு கழிந்த சிர்கானில், எஞ்சியிருக்கும் ஒவ்வொரு 100 யுரேனியம்-238 அணுவுக்கும் ஏறத்தாழ 17 காரீயம்-206 அணுக்கள் இருக்கும். யுரேனியம்-235 வேகமாகச் சிதைவதால், அதில் எஞ்சிய ஒவ்வொரு 100-க்கும் ஏறத்தாழ 168 காரீயம்-207 அணுக்கள். இந்த இரு கணக்கும் ஒரே வயதைக் காட்டினால் படிகம் எதையும் இழக்கவில்லை, வெளியிலிருந்து எதையும் வாங்கவும் இல்லை என்று நம்பலாம். காட்டாவிட்டால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. 1956-இல் ஜார்ஜ் வெதரில் இந்த ஒப்பீட்டை ஒரு வரைபடமாக்கினார். ஒரே பாறையின் பல படிகங்கள் வெவ்வேறு அளவில் காரீயத்தை இழந்திருந்தால் அவை அந்த வரைபடத்தில் ஒரு நேர்கோட்டில் விழும். கோட்டின் ஒரு முனை பிறந்த காலத்தையும் மறுமுனை காயம்பட்ட காலத்தையும் காட்டும். பழுதான படிகமே தான் எப்போது பழுதானது என்று சொல்லிவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நடைமுறையில் வேலை பொறுமையைச் சோதிக்கும். கிலோக்கணக்கில் பாறையை உடைத்துப் பொடியாக்கி, தண்ணீரிலும் அடர்த்தி கூடிய திரவத்திலும் விட்டுக் கனமான மணிகளைப் பிரித்து, காந்தத்தால் சலித்து, கடைசியில் நுண்ணோக்கியில் பார்த்து ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். பிறகு இரண்டு வழி. அயனிக் கற்றையால் படிகத்தின் மேல் ஒரு புள்ளியைச் செதுக்கி அங்கேயே அளப்பது ஒன்று. மையத்துக்கு ஒரு வயது, வெளி வளையத்துக்கு வேறு வயது என்று பிரித்துச் சொல்ல இதுதான் ஏற்றது. கான்பெராவில் வில்லியம் காம்ஸ்டன் குழு உருவாக்கிய ஷ்ரிம்ப் என்ற கருவி இந்த வழிக்குப் பேர்போனது. மற்றது, சேதமடைந்த பகுதிகளை முதலில் அமிலத்தில் கரைத்து நீக்கிவிட்டு, மீதியை முழுவதும் கரைத்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறை நிறமாலைமானியில் அளப்பது. படிகத்தின் உட்கதை போய்விடும். துல்லியம் பல மடங்கு கூடும்.

காரீயத்தை அளப்பதில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. சிகாகோவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த கிளேர் பேட்டர்சன் சிர்கான்களில் காரீயத்தை அளந்தபோது, இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக வந்துகொண்டே இருந்தது. காற்று, தண்ணீர், தூசி, அமிலப் புட்டி, ஆய்வாளரின் தலைமுடி என எல்லாவற்றிலும் காரீயம். அதைத் துரத்தித் துரத்தி நீக்கி, பிறகு கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் தூசி புகாத ஆய்வறையை அமைத்து, விண்கற்களை அளந்தார். பூமியின் தொடக்கக் காலப் பாறைகள் எதுவும் மிஞ்சவில்லை. கனடாவின் அகாஸ்டா நைஸ் பாறையே 403 கோடிதான். எனவே சூரியக் குடும்பத்தோடு சேர்ந்து உருவாகி, அதன்பின் பெரிதாக மாறாத பொருள்களைத் தேட வேண்டியிருந்தது. கேன்யன் டையப்லோ இரும்பு விண்கல்லில் யுரேனியம் ஏறக்குறைய இல்லாத ஒரு கனிமம் உண்டு. அதில் இருக்கும் காரீயம், தொடக்கத்தில் இருந்த காரீயம் அப்படியே. அதையும் மற்ற விண்கற்களையும் ஒரே கோட்டில் நிறுத்தி, 1956-இல் அவர் வெளியிட்ட வயது 455 கோடி, கூட்டியோ குறைத்தோ 7 கோடி. இன்று விண்கற்களில் உள்ள மிகப் பழைய துகள்களுக்கு 456.7 கோடி என்கிறார்கள். எழுபது ஆண்டு முன்னேற்றம் அவர் விட்ட வரம்புக்குள்ளேயே அடங்கிவிட்டது. அந்தக் காரீயத் தூசி எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன பேட்டர்சன், பெட்ரோலில் கலக்கப்பட்ட காரீயத்துக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் போராடியது தனிக் கதை.

கதவு சாத்தப்பட்ட நேரம்

எரிமலைப் பாறைகளில் சிர்கான் எப்போதும் கிடைக்காது. பொட்டாசியம் தாராளமாகக் கிடைக்கும். பொட்டாசியம்-40-இன் ஒரு பகுதி ஆர்கான்-40 ஆகிறது. ஆர்கான் எதனோடும் சேராத வாயு. கொதிக்கும் பாத்திரத்தில் மூடி போடாதவரை ஆவி நிற்காததுபோல, சூடான கனிமத்தில் ஆர்கான் தங்காது. கனிமம் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே ஆறியபிறகே சேரத் தொடங்கும். ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமத்துக்கு அது சுமார் 500 டிகிரி, பயோடைட் மைக்காவுக்குச் சுமார் 300 டிகிரி. எரிமலைக் குழம்பு சில நாட்களில் ஆறிவிடுவதால் அங்கே இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. பூமிக்கடியில் கிடக்கும் கிரானைட் ஆறுவதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கலாம். ஆகவே ஒரே கிரானைட் துண்டில் சிர்கான் ஒரு வயது சொல்லும், ஹார்ன்பிளெண்ட் அதைவிடக் குறைவாகவும் மைக்கா இன்னும் குறைவாகவும் சொல்லும். ஒரு காலத்தில் இதைப் பிழை என்று கருதினார்கள். இன்றைக்கு மலை எந்த வேகத்தில் உயர்ந்தது, மேலிருந்த பாறை எப்போது அரிபட்டது என்று கணக்கிடுவதே இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

பொட்டாசியத்தைப் பாறையின் ஒரு துண்டிலும் ஆர்கானை வேறொரு துண்டிலும் அளக்க வேண்டியிருந்தது பழைய முறையின் பலவீனம். 1966-இல் மெரிஹூவும் டர்னரும் ஒரு தந்திரம் கண்டார்கள். மாதிரியை அணு உலையில் வைத்து நியூட்ரான்களால் தாக்கினால் பொட்டாசியத்தில் ஒரு பங்கு ஆர்கான்-39 ஆகிவிடும்; அதன் அளவே பொட்டாசியத்தின் அளவைச் சொல்லிவிடும். பிறகு படிப்படியாகச் சூடாக்கி, வெளிவரும் வாயுவில் இரண்டு ஆர்கான்களையும் சேர்த்தே அளக்கலாம். மேற்பரப்பில் ஒட்டிய ஆர்கான், முன்பே மாட்டிக்கொண்ட ஆர்கான், உள்ளே விளைந்த ஆர்கான் என்று பிரித்தறியவும் வழி கிடைத்தது. இதற்கு ஒரு கடும் தேர்வும் வைத்தார்கள். கி.பி. 79-இல் இத்தாலியின் பொம்பெயி நகரைப் புதைத்த வெசுவியஸ் எரிமலை வெடிப்பின் படிகங்களைக் கொடுத்து 1997-இல் வெளியிட்ட விடை: 1,925 ஆண்டுகள், கூட்டியோ குறைத்தோ 94. உண்மையான இடைவெளி 1,918. 125 கோடி ஆண்டு அரை ஆயுட்காலம் கொண்ட ஒரு தனிமத்தை வைத்து இரண்டாயிரம் ஆண்டுக்குள் அளந்தார்கள்.

பன்றிப் பல் வென்ற வழக்கு

எண் எங்கே தடுக்கி விழும் என்று பார்க்க, கென்யாவின் துர்கானா ஏரிக் கரையைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே கூபி ஃபோராவில் கே.பி.எஸ். என்ற எரிமலைச் சாம்பல் படிவு. அதன் கீழே மனித முன்னோர் எலும்புகளும் அதற்குள் கல்கருவிகளும் கிடைத்தன. சாம்பலுக்கு வயது தெரிந்தால் எலும்புக்கும் ஓர் எல்லை தெரியும். ஃபிட்ச், மில்லர் என்ற இரு பிரித்தானியர்கள் அளந்தார்கள். முதலில் வந்த விடை 20 கோடிக்கும் மேல்! ஆறு அடித்துக்கொண்டு வந்த பழம்பாறை மணிகள் சாம்பலில் கலந்திருந்தன. தேர்ந்தெடுத்த படிகங்களை மீண்டும் அளந்து 1970-இல் 26.1 லட்சம் என்று வெளியிட்டார்கள். 1972-இல் அதன் கீழே 1470 என்ற எண்ணிட்ட புகழ்பெற்ற மண்டையோடு கிடைத்தது. மூளை பெரியது, வயதோ 26 லட்சத்துக்கு மேல் என்றதும் மனித வரலாறே பின்னோக்கி நகர்ந்தது.

பிரச்சினை பன்றிகளிடமிருந்து வந்தது. வடக்கே எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் நன்கு வயது கணிக்கப்பட்ட அடுக்குகள் இருந்தன. அழிந்துபோன ஒரு பன்றி இனத்தின் மூன்றாம் கடைவாய்ப்பல் காலம் செல்லச் செல்ல நீண்டுகொண்டே போனதை அங்கே காண முடிந்தது. கே.பி.எஸ். சாம்பலுக்குக் கீழே கிடைத்த பல்லின் நீளத்தை அந்தத் தொடரில் வைத்துப் பார்த்த பேசில் குக், அது 20 லட்சம் ஆண்டு அளவுக்குத்தான் பொருந்துகிறது என்றார். பல்லை வைத்து அணு இயற்பியலோடு மோதுவதா என்று சிலருக்கு எரிச்சல். 1975-இல் பெர்க்லியில் கார்னிஸ் கர்டிஸ் குழு புதிதாக அளந்து 16 முதல் 18 லட்சம் என்றது. ஆனால் 1976-இல், சிர்கானுக்குள் யுரேனியம் பிளவுபடும்போது விழும் தடங்களை எண்ணும் முறை 24 லட்சம் என்று பழைய எண்ணின் பக்கம் சாய்ந்தது. இரண்டு வேறுபட்ட முறைகள் ஒன்றையே சொல்கின்றனவே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

1980-இல் அதே தடங்களை ஆண்ட்ரூ கிளீடோ கவனமாக மறுபடி எண்ணியபோது 18.7 லட்சம் வந்தது. இயான் மெக்டூகலின் ஆர்கான் அளவீடுகள் 18.8 லட்சத்தில் நின்றன. கூபி ஃபோராவின் எரிமலைக் கண்ணாடித் துகள்களின் வேதிக் கலவை, ஓமோவில் சுமார் 18 லட்சம் என்று முன்பே கணித்திருந்த ஒரு சாம்பல் படிவின் கலவையோடு ஒத்துப்போனது. இரண்டும் ஒரே வெடிப்பின் சாம்பல். வழக்கு முடிந்தது, பன்றிகள் சொன்னதே சரி. முதல் அளவீட்டில் கருவி பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 20 கோடி என்பது அந்தக் கலவைக்கு உண்மையில் வரக்கூடிய எண்தான். சாம்பல் விழுந்த நாளின் எண்ணாக மட்டும் அது இல்லை.

அழிவுக்கு நாள் குறிப்பது

படிவுப் பாறையையோ அதிலுள்ள எலும்பையோ யுரேனியத்தால் நேரடியாகக் கணிப்பது பெரும்பாலும் முடியாது. மணலுக்குள் இருக்கும் சிர்கான் பழைய மலையின் வயதையே சொல்லும். எனவே இடையே விழுந்த சாம்பல் அடுக்குகளைத் தேடுகிறார்கள். சீனாவின் மெய்ஷான் கல்குவாரிப் பகுதியில் பெர்மியன் காலத்தின் முடிவு, உயிரினப் பேரழிவுகளிலேயே பெரியது, சுண்ணாம்புப் பாறையில் பதிவாகியிருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழும் மேலும் சாம்பல் அடுக்குகள். அவற்றின் சிர்கான்களை வைத்து 2014-இல் வெளியான கணிப்பு: அழிவு தொடங்கியது 25,19,41,000 ஆண்டுகளுக்கு முன், கூட்டியோ குறைத்தோ 37,000. முடிந்தது 25,18,80,000 ஆண்டுகளுக்கு முன், கூட்டியோ குறைத்தோ 31,000. இடைப்பட்டது ஏறத்தாழ 60,000 ஆண்டுகள். இந்தக் கூட்டல் குறைத்தலைச் செய்தித்தாள்கள் முதலில் வெட்டிவிடும். அதில்தான் பொருளே இருக்கிறது. அழிவு பத்து லட்சம் ஆண்டுகள் நீடித்ததா, சில பத்தாயிரங்களா என்பதைப் பொறுத்துத்தான் காரணம் மாறுகிறது; சைபீரியாவின் எரிமலைப் பெருக்கோடு அதை இணைக்க முடிவதும் இந்தத் துல்லியத்தால்தான்.

டைனோசர்களின் முடிவில் இதைவிடச் சிக்கல். மெக்சிகோவின் சிக்சுலுப் விண்கல் மோதல் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். தக்காணப் பீடபூமியின் எரிமலைக் குழம்பு வழிந்ததும் அதே காலம். எது முந்தியது, எவ்வளவு முந்தியது? 2019-இல் இரண்டு குழுக்கள் ஒரே இதழில் விடை சொன்னார்கள். குழம்பு அடுக்குகளுக்கு இடையிலுள்ள சாம்பலில் சிர்கானைத் தேடிய குழு, பெரிய பெருக்கு ஒன்று மோதலுக்குச் சற்று முன் வந்தது என்றது. குழம்புப் பாறையிலேயே ஆர்கானை அளந்த குழு, பெரும்பகுதி மோதலுக்குப் பின்னரே வழிந்தது என்றது. எண்களில் வித்தியாசம் அதிகமில்லை. மோதல் நடந்த கணம் அந்தக் குழம்பு அடுக்குகளில் எந்த உயரத்தில் விழுகிறது என்பதில்தான் இழுபறி. இது இன்னும் முடியவில்லை.

கதிரியக்கம் சாராத சாட்சிகளும் உண்டு. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாகும். அந்தத் திசை ஆறும் குழம்பிலும் படியும் சேற்றிலும் பதிந்துவிடும். கடைசி முழுத் திருப்பம் 7,30,000 ஆண்டுகளுக்கு முன் என்று பொட்டாசியம்-ஆர்கான் முறை சொல்லிவந்தது. பூமியின் அச்சும் பாதையும் அசைவதால் காலநிலை 41,000, 1,00,000 ஆண்டுத் தாளங்களில் மாறும். கடலடிச் சேற்றில் அந்தத் தாளங்களை எண்ணிய நிக்கோலஸ் ஷாக்கிள்டன் குழு, 1990-இல், திருப்பம் 7,80,000-க்கு அருகில் என்றது. வானியல் கணக்கு அணுக்கணக்கைத் திருத்துவதா? புதிய ஆர்கான் அளவீடுகள் வந்தபோது அவை வானியல் பக்கமே வந்து நின்றன. இன்றைக்குச் சில கணிப்புகள் 7,73,000 என்கின்றன. பவளம்கூடப் பேசும். டெவோனியன் காலப் பவளங்களில் ஓர் ஆண்டு வளர்ச்சிக்குள் சுமார் 400 நாள்வரிகள் இருப்பதை ஜான் வெல்ஸ் 1963-இல் எண்ணிக் காட்டினார். ஓதங்களால் பூமியின் சுழற்சி மெல்லக் குறைந்துவருகிறது. அந்த வேகத்தை வைத்துச் சுமார் 38 கோடி ஆண்டு பின்னே போனாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 நாள்தான் வருகிறது.

அண்மைக் காலத்துக்கு வேறு கருவிகள்

பாறை என்றதும் கார்பன் முறையை நினைப்பவர்கள் பலர். கார்பன்-14-இன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது. அதுவும் ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருளுக்குத்தான். டைனோசர் எலும்புக்குக் கார்பன் சோதனை என்று எங்காவது படித்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். மணல் கடைசியாக வெயில் பார்த்தது எப்போது என்று கேட்க ஒளிர்வு முறை இருக்கிறது: புதைந்த குவார்ட்ஸ் மணிகளில் கதிர்வீச்சால் சிறைப்படும் எலக்ட்ரான்களை வெளிச்சம் விடுவித்துவிடும், இருட்டில் மறுபடி சேரும். பனியாறு விட்டுச்சென்ற பாறை எவ்வளவு காலமாகத் திறந்தவெளியில் கிடக்கிறது என்று கேட்க, விண்கதிர்கள் அதன் மேற்பரப்பில் உண்டாக்கும் பெரிலியம்-10 இருக்கிறது.

சில நேரம் எந்த அணுவும் தேவைப்படாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் உப்புச் சதுப்பில் நிற்கும் செத்த செடார் மரங்கள், நிலம் திடீரெனத் தாழ்ந்து கடல்நீர் புகுந்ததால் மடிந்தவை. கார்பன் முறை சில பத்தாண்டுகள் வரையே நெருங்க முடிந்தது. உயிருள்ள பழைய மரங்களின் வளையங்களோடு வேர்ப்பகுதி வளையங்களை ஒப்பிட்ட டேவிட் யமகுச்சியும் பிரையன் அட்வாட்டரும், மரங்கள் 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையில் செத்தன என்று காட்டினார்கள். இதற்கிடையே ஜப்பானின் பழைய ஆவணங்களில், நிலநடுக்கம் எதுவும் உணரப்படாமல் 1700 ஜனவரியில் கரையேறிய ஆழிப்பேரலை ஒன்று பதிவாகியிருந்தது. அலை பசிபிக்கைக் கடக்கும் நேரத்தைக் கென்ஜி சடாகே குழு பின்னோக்கிக் கணக்கிட்டபோது, வட அமெரிக்கக் கரையில் நிலநடுக்கம் வந்தது 1700 ஜனவரி 26, இரவு ஒன்பது மணி அளவில் என்று தெரிந்தது. அளவு ஏறத்தாழ 9. எழுதப்பட்ட பதிவு எதுவும் இல்லாத கரையில் நடந்த நிகழ்ச்சி இது. அதே கரைக்கு அப்பால் கடலடிச் சேற்றில், கடந்த சுமார் 10,000 ஆண்டுகளில் பிளவு முழுவதும் அதிர்ந்த 19 நிலநடுக்கங்களின் தடங்களைப் பின்னர் எண்ணினார்கள். சராசரி ஏறத்தாழ 500 ஆண்டுக்கு ஒன்று. ஆனால் இடைவெளிகள் ஒரே சீராக இல்லாததால், அடுத்தது எப்போது என்று அந்தச் சராசரியை வைத்துச் சொல்ல முடிவதில்லை.